மஸீனாவின் வெள்ளிக்கிழமை அறை

நூரிய்யா கட்டடத்தின் விறாந்தையில் புதிய கட்டடத்துக்கான அந்தப் பெரிய படத்தைக் கொண்டுவந்து மாட்டிய நாளிலிருந்து மஸீனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தையல் மெசினில் வந்து உட்காருவாள். ஒரு மடிப்பு தைத்து முடியுமுன்னே எழும்பி ஜன்னலுக்குப் போவாள். தெருவைப் பார்ப்பாள். பார்த்தது என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பி வந்து உட்காருவாள். அன்று காலையில் வெட்டிய அபாயாவுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்திருந்தாள்.

அவளோடு தைக்கும் விதுஷா அந்தக் கைகளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, ரெண்டு எடது கை உள்ள ஆள் மாத்தளையில யாருங்க? எனக்கும் கொஞ்சம் காட்டுங்க, பார்த்து வச்சுக்கிறேன்."

மஸீனா சிரிக்கவில்லை. துணியை வாங்கி மடித்தாள். மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள்.

திருகோணமலை வீதியில் போகிறவர்கள் நூரிய்யா கட்டடத்தை நிமிர்ந்து பார்க்காமல் போவதில்லை. கட்டடத்தின் சொந்தக்காரர் சாலிஹ் ஹாஜியாரின் பாட்டனார் கொக்கோவும் மிளகும் வாங்கி விற்ற காலத்தில் கட்டியது. மேல்மாடியில் வளைவு வைத்த ஜன்னல்கள் வரிசையாக நிற்கும். நெற்றியில் கட்டிய ஆண்டைச் சுண்ணாம்பில் எழுப்பி வைத்திருந்தார்கள்; வெள்ளை அடித்து அடித்துக் கடைசி எண் மொழுக்கென்று போய்விட்டது. கீழே ஹாஜியாரின் மிளகுக் கடை, பக்கத்தில் ஒரு புடவைக் கடை, ஒரு போன் கடை. மேலே போகத் தேக்குப் படிக்கட்டு ஒன்றுதான் உண்டு. அந்தப் படியேறினால் முன்பக்கம் முழுவதும் மஸீனாவின் அறை.

விறாந்தையில் மாட்டிய படத்தில் கட்டடத்தின் பழைய முகம் அப்படியே இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியால் ஆன நாலு மாடி எழும்பி நின்றது. படத்தில் நடமாடிய சனங்களெல்லாம் வெள்ளைக்காரர் போல இருந்தார்கள். ஒருத்தி நாயையும் கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்தில் ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியே வரைந்த பிளானை ஒட்டியிருந்தார்கள். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்ததை விதுஷாதான் விரல் வைத்து வாசித்தாள்.

"நம்ம அறை இதுதாங்க அக்கா. இந்தப் பாதியில லிப்ட். மத்தப் பாதி ஸ்டோர் ரூம்."

மஸீனா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிளானில் லிப்ட் வந்து நின்ற இடத்தில்தான், வெள்ளிக்கிழமைகளில் வருகிற கலேவெல றஹீமாவின் கடைசிப் பிள்ளை ஏணையில் தூங்கும்.

அந்த அறை அப்படி ஆனதற்கு யாரும் திட்டம் போடவில்லை. மஸீனா கொங்காவெலயில் பிறந்தவள். அதிகம் பேசமாட்டாள். கடையில் மிச்சக் காசு பிழையாகத் தந்தாலும் கேட்காமல் வந்துவிடுகிற சாதி. அவளுடைய கணவன் முஸம்மில் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான். சும்மா வீட்டில் இருக்க முடியாமல் அவள் பழைய மெசின் ஒன்றோடு நூரிய்யாவின் மேல்மாடிக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் வழமைபோல கடைகளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டன. ஆண்கள் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்கள். மிளகு விற்க வந்தவர்கள், சாமான் வாங்க வந்தவர்கள், எல்லாரும் போனார்கள். தெரு அடங்கிப்போயிற்று. கீழே விறாந்தையில் ஒரு பெண், சுற்றிலும் பைகள், இடுப்பில் அழுகிற குழந்தை, முகத்தில் நேரே வெயில். பால் கொடுக்க மறைவில்லாமல் பூட்டிய கதவின் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். கூட வந்தவன் தொழப் போய்விட்டான். அவன் வரும்வரை அவள் நிற்கத்தான் வேண்டும்.

மஸீனா இறங்கிப் போய் ஒரு பையைக் கையில் எடுத்தாள். "மேல வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

அந்தப் பெண்தான் றஹீமா. அடுத்த வெள்ளிக்கிழமை தன் மதினியையும் கூட்டி வந்தாள். அதற்கடுத்த வாரம் அந்த மதினியின் அயல்வீட்டுக்காரி. பிறகு மஸீனாவுக்கே யார் யாரால் வந்தவர் என்ற கணக்கு தெரியாது. குறுக்கே ஒரு திரை தொங்கியது. பாய்கள் வந்தன. தண்ணீர்க் குடம், கண்ணாடி, ஏணை கட்ட ஒரு பழைய சேலை. பின்னால் குழாயும் கக்கூசும் இருந்தது பெரிய உதவி. நடுப்பகல் ளுஹர் தொழுவார்கள், சோற்றுப் பொதியைப் பிரிப்பார்கள், காலை நீட்டிப் படுப்பார்கள். மற்ற நாட்களிலும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் தங்கம்மாவை விதுஷா கூட்டி வந்தாள். அவள் வீங்கிய காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு தோட்டத்துக் கதையெல்லாம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போவாள். மாசி மாதம் அம்மன் கோவில் தேர் வரும்போது அந்த வளைவு ஜன்னல்களில் கர்ப்பிணிப் பெண்களுக்கும் பிள்ளைக்காரிகளுக்கும்தான் முதல் இடம்.

ஹாஜியாருக்கு இதொன்றும் தெரியாது. அவர் மேலே ஏறியதே இல்லை. ஒரு பெண் தனியே இருந்து தைக்கிற அறைக்கு ஆண் ஏறுவது அழகில்லை என்று நினைக்கிற மனிதர். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கீழே நின்று சாவிக்கொத்தால் கைப்பிடியில் தட்டுவார். மஸீனா மேல்படியில் வந்து நின்று பதில் சொல்வாள். வெள்ளிக்கிழமைகளில் அவர் ஜும்ஆ முடிந்து சாப்பிட்டு, சற்றுப் படுத்தெழும்பிக் கடைக்கு வரும்போது பெண்கள் போயிருப்பார்கள்.

அதனால் போன மாதம் நடந்ததற்கு மஸீனா யாரையும் குறை சொல்ல முடியாது. பிளான் கீறுகிற மோகனராஜ் அளவெடுக்க வருகிறார், அறையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். அந்நிய ஆம்பிளை வருகிற இடத்தில் பெண்கள் படுத்த பாயும் தலையணையும் கிடக்கலாமா? மஸீனா திரையைக் கழற்றினாள். ஏணையை அவிழ்த்தாள். பாய், குடம், கண்ணாடி எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். பெண்களுக்கெல்லாம் அன்று வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். தானும் வரவில்லை, விதுஷாவையும் வரவிடவில்லை. சாவியைப் புடவைக் கடையில் கொடுத்துவிட்டாள். தரையைக் கூட்டித் துடைத்ததுகூட அவள்தான். மோகனராஜ் வந்து பார்த்தது ஒரு பெரிய வெறும் அறை. மூலையில் ஒரு மெசின், ஒரு துணி மூட்டை.

"நம்ம கையாலதான் தொடச்சு வச்சோம்" என்று இப்போது விதுஷா சொன்னாள். "அவரும் பிளான்ல நம்மளத் தொடச்சிட்டாரு."

ஹாஜியார் அவளை மறந்துவிடவில்லை என்பதுதான் இன்னும் பெரிய சங்கடம். பிளானில் பின்பக்கம், புதிய கட்டடத்தின் தரைத்தளத்தில், பின்தெருவைப் பார்த்தாற்போல் ஒரு ஷட்டர் கடை. அது மஸீனாவுக்கு. படத்தை மாட்டிய அன்றே கைப்பிடியில் தட்டிக் கூப்பிட்டுச் சொன்னார். "மவள், இனி ஒங்களுக்குப் படியேறுற வேல இல்ல. கீழயே யாவாரம்." புடவைக் கடைக்காரர் வாழ்த்துச் சொன்னார். போன் கடைக்காரர் எப்போது விருந்து என்று கேட்டார். முஸம்மிலுக்குச் சீகிரியாவில் நிலைகொள்ளவில்லை.

"பேர்ப்பலகைக்குப் பச்சையா, நீலமா?" என்று போனில் கேட்டான். "எங்கட ஹோட்டலுக்கு எழுதுறவன் நல்லா எழுதுவான். இண்டைக்கே சொல்லிட்டேன்."

"நான் இன்னும் சரி எண்டு செல்லல்லயே."

"இதுல சரி செல்ல என்ன ஈக்கி? ஷட்டர், பேன், கண்ணாடி அலுமாரி. பைத்தியமா ஒங்களுக்கு?"

"அங்க கால நீட்டிப் படுக்க ஏலுமா?"

"கடையில எதுக்குப் படுக்கிற?"

அவனுக்கு விளங்க வைக்க அவளுக்குத் தெரியவில்லை. திறந்த ஷட்டரும், தெருவில் போகிற வருகிற ஆட்களும், உள்ளே ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுப்பதும் ஒரே படத்தில் சேரவில்லை. கடை வந்தால் தனக்கு லாபம்தான், அதுவும் தெரியும். அது தெரிவதுதான் தொந்தரவு. இரவில் புரண்டு புரண்டு படுத்தாள். பகலில் நூல் மாற்ற மறந்து வெள்ளைத் துணியில் கறுப்பு ஓட்டினாள். றஹீமாவுக்குச் சொல்ல வேண்டும், தங்கம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைப்பாள். அவர்கள் வந்து பாயில் சாய்ந்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும். ஹாஜியாரிடம் சொல்லலாம் என்று மேல்படி வரை போவாள். இத்தனை வருஷம் அவருடைய கட்டடத்தில் அவருக்குத் தெரியாமல் நடத்தியதை எந்த வாயால் சொல்வது?

வியாழக்கிழமை மாலை கைப்பிடியில் சாவி தட்டியது.

"மவள், நாளைக்கி ஜும்ஆ முடிஞ்ச கையோட மோகனராஜ் வாறார். கடையெல்லாம் பூட்டியிருக்கும், கரச்சல் இல்ல. லிப்ட் வாற எடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடணும். போன தடவ மாதிரி அறைய ஒதுக்கி வச்சிருங்க."

"சரி ஹாஜியார்" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

அவர் போனபின் விதுஷா பாய்களைச் சுருட்டத் தொடங்கினாள். மஸீனா ஜன்னலடிக்கும் கதவடிக்குமாக நடந்தாள். பிறகு போனை எடுத்து றஹீமாவை அழைத்தாள்.

"என்ன ராத்தா, நாளைக்கி வராம இருக்கட்டுமா?" என்றாள் றஹீமா. போன மாதம் அப்படி அழைத்தது அவளுக்கு நினைவிருந்தது.

மஸீனா விதுஷாவைப் பார்த்தாள். விதுஷாவின் கக்கத்தில் ஒரு பாய்.

"இல்ல. வாங்க. மதினியையும் கூட்டிக்கொண்டு வாங்க. வாற எல்லாரையும் வரச் செல்லுங்க" என்றாள். போனை வைத்தாள். "அத விரி புள்ள."

வெள்ளிக்கிழமை அறை நிரம்பியது. கலேவெலக்காரிகள், அலுவிகாரையிலிருந்து மகளின் கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு தாய், கிளினிக் துண்டோடு தங்கம்மா, ஏணையில் ஒரு குழந்தை, பாயில் இரண்டு. யாருக்கும் மஸீனா எதுவும் சொல்லவில்லை. அவள் மட்டும் ஓய்ந்து இருக்கவில்லை. தொழுதாள், எழும்பினாள், குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் குடத்தைப் பார்த்தாள்.

"எந்நேரமும் என்ன நடந்துக்கிட்டு? எனக்கு இருக்கிற காலு போதாதுன்னு ஒங்க காலப் பாத்தும் வலிக்குது" என்றாள் தங்கம்மா.

ஜும்ஆ முடிந்த சற்று நேரத்தில் கீழே இரண்டு ஆண்களின் பேச்சு கேட்டது. சாவிக்கொத்து தட்டியது ஒருதரம். இரண்டாம் தடவை தட்டவில்லை. ஹாஜியார் செருப்புகளைப் பார்த்துவிட்டார்.

வாசலில் இடம் போதாமல் படிக்குப் படி கழற்றி வைத்த செருப்புகள். ரப்பர்ச் செருப்பு, பின் குத்திய செருப்பு, மினுக்கம் வைத்த கல்யாண வீட்டுச் செருப்பு, சின்னப் பிள்ளையின் சப்பாத்து. கடைசிச் சோடி கீழ்ப்படியில் அவர் காலுக்கு முன்னால் இருந்தது. பெண்கள் இருக்கிற வாசலில் அவர்களுடைய செருப்பைத் தாண்டி ஏற எந்த ஆணுக்கும் கால் வராது. மோகனராஜும் கோவில் குடும்பத்துப் பிள்ளை. அவர் ஒரு அடி பின்னுக்குப் போய் நின்றுகொண்டார்.

"என்னங்க ஹாஜியார், மேல கல்யாணமா?"

"மஸீனா!" ஹாஜியாரின் குரல் மேலே வந்தது. "யார் ஈக்கிறாங்க மேல?"

மஸீனா மேல்படியில், கதவோடு ஒட்டி நின்றாள்.

"ஆக்கள் ஈக்கிறாங்க ஹாஜியார்."

"எந்த ஆக்கள்?"

மஸீனா திரும்பி உள்ளே பார்த்தாள். உள்ளேயிருந்து றஹீமா குரல் கொடுத்தாள். "கலேவெல ஆக்கள் ஹாஜியார்! ஒங்களுக்கு மொளகு தாற ஆக்கள்தான்!"

"ஆஸ்பத்திரிக்கு வந்ததும் ஒண்ணு இருக்குங்க முதலாளி!" என்றாள் தங்கம்மா. யாரோ முந்தானைக்குள் சிரித்தார்கள். ஏணையில் குழந்தை அழத் தொடங்கியது.

ஹாஜியார் மேலே நிமிர்ந்து பார்த்தார். குரல் கடுத்திருந்தது. "இது எத்தன நாளா நடக்குது?"

"நான் வந்த காலத்துல இருந்து."

"எண்ட கட்டடத்துல எனக்குத் தெரியாம!"

"நீங்க மேல வரல்ல. நானும் எறங்கி வந்து செல்லல்ல. அது எண்ட பிழதான்."

"அப்ப மோகனராஜ் வந்த அண்டைக்கு அற வெறுமையாக் கெடந்ததாமே?"

"நான்தான் வெறுமையாக்கினேன். அந்நிய ஆம்புள வாற நேரம் பொம்புளைகள்ட சாமான் கெடந்தா நல்லமா ஹாஜியார்?"

ஹாஜியார் சாவிக்கொத்தை மற்றக் கைக்கு மாற்றினார். அவரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார். மோகனராஜ் தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் ஒதுக்கி வச்சிருந்தாங்க. ஆளே பாவிக்காத அறைன்னு நெனச்சுத்தான் நான் லிப்டக் கொண்டுவந்து வச்சேன்."

மஸீனா ஒரு படி கீழே இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவள் பேசிய ஆக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"பாங்கு செல்லினதும் நீங்க எல்லாரும் கடையப் பூட்டிட்டுப் போறீங்க. அது கடம, போகத்தான் வேணும். ஒங்களுக்கு மொளகு கொண்டுவாற ஆம்புளைகளும் போறாங்க. அவங்களோட வந்த பொம்புளைகள் எங்க போற? வெயில்ல புள்ளயோட எங்க நிக்கிற? இந்த டவுன்ல எங்களுக்குக் கால நீட்ட ஒரு எடம் ஈக்கா? ஒண்டு செல்லுங்க, நாளைக்கே காலி பண்ணிட்டுப் போறேன்."

தெருவில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. உள்ளே பெண்கள் அவசரமாகப் பொதிகளைக் கட்டத் தொடங்கினார்கள். கலேவெல பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர்கள் இறங்க வேண்டும். படியடியில் ஆண்கள் நிற்கிறார்கள். ஹாஜியார் அதை விளங்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய்த் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். மோகனராஜும் பக்கத்தில் போய் நின்று எதிரே இருந்த கடையின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தொடங்கினார்.

பெண்கள் இறங்கினார்கள். ஒவ்வொருத்தியும் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த முதுகுக்கு ஸலாம் சொன்னாள். ஹாஜியார் தெருவைப் பார்த்தபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பதில் சொல்லி முடியுமுன்னே அடுத்த ஸலாம் வந்தது. "இன்னும் ஈக்கா?" என்று ஒருதரம் மெல்லக் கேட்டார். இன்னும் இருந்தார்கள்.

றஹீமா கடைசியாகப் போனாள். "போன கெழம எங்கட மொளகுக்கு ஈரம் எண்டு செல்லி நிறையில நல்லாத்தான் கழிச்சீங்க ஹாஜியார். இந்த அறையவும் கழிச்சிராதீங்க."

முதுகு அசையவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

பிறகுதான் இரண்டு பேரும் மேலே வந்தார்கள். ஹாஜியாருக்கு அதுதான் முதல் தடவை. திரையை, பாய்களை, தொங்குகிற ஏணையைப் பார்த்தார். கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் இருந்த தங்கம்மாவைப் பார்த்து, "இருங்க, இருங்க" என்றார். மோகனராஜ் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே அறையை ஒருதரம் சுற்றி வந்தார்.

"லிப்ட இங்கருந்து எடுக்கலாம். ஆனா வைக்கிறதுக்கு ஒரே ஒரு எடம்தான் இருக்கு. பின்னால, கீழ. அந்த ஷட்டர் கடை வாற எடத்துல."

ஹாஜியார் மஸீனாவைப் பார்த்தார். கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஆனாலும் குரல் தாழ்ந்திருந்தது.

"கேட்டீங்கதானே மவள்? வேற கட தர எனக்கிட்ட இல்ல, எல்லாம் பேசி முடிஞ்சி. இந்த அறைய வச்சா அந்தக் கட இல்ல. நல்லா யோசிச்சு செல்லுங்க. முஸம்மில்கிட்டயும் கேளுங்க."

ஷட்டரும் பேனும் கண்ணாடி அலுமாரியும் மஸீனாவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இல்லையென்று சொன்னால் அது பொய். முஸம்மில் எத்தனை நாள் முகம் தூக்குவான் என்றும் அவளுக்குத் தெரியும்.

"அவருக்கு நான் செல்லிக்கொள்றேன். நான் மேலயே ஈக்கிறேன்" என்றாள்.

மோகனராஜ் சுண்ணாம்புக் கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிளானில் அறைக்கு என்ன பெயர் எழுதுவது என்று கேட்டார். பொம்புளைகள் அறை என்று எழுதச் சொன்னார் ஹாஜியார். தையல்கடை என்றும் சேர்த்து எழுதுங்கள் என்றாள் விதுஷா, யாரும் அவளைக் கேட்காமலே.

அத்தோடு முடிந்திருந்தால் மஸீனா அன்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். படியிறங்கப் போன மோகனராஜ் திரும்பி, "அடுத்த மாசம் வேல தொடங்கினா இந்தப் படிய அடச்சிருவோம். முடியிற வரைக்கும் மேல ஒருத்தரும் வர ஏலாது. ஒரு வருசம், கூடவும் ஆகலாம்" என்றார்.

மஸீனா ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வருஷ வெள்ளிக்கிழமைகள். றஹீமாவின் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும்.

"ஹாஜியார்."

அவர் படியில் நின்று நிமிர்ந்தார்.

"ஒங்கட வீடு பள்ளிக்குப் பக்கத்துலதானே. ஜும்ஆவுக்கு நீங்களும் மகன்மாரும் பள்ளியில. முன் ஹோல் அந்நேரம் சும்மாதானே கெடக்கும்."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். மோகனராஜ் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அத எனக்கிட்டக் கேட்டு வேலயில்ல" என்றார் ஹாஜியார். "அது எங்கட வீட்டுக்காரி முனவ்வராட ஹோல். அந்தச் சோபாவுல நான் இருக்கவே எனக்குப் பெர்மிஷன் வேணும்."

"அப்ப அவங்கட்டக் கேக்கிறேன்."

"கேளுங்க. நான் அனுப்பினேன் எண்டு மட்டும் செல்லிராதீங்க."

அவர் போனார். விதுஷா அந்த இரண்டு இடது கைகளில் ஒன்றை எடுத்து, துணி மிச்சம் இருக்கிறதா, ஒரு வலது கை வெட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மஸீனா உட்காரவில்லை. கண்ணாடியைப் பார்த்துச் சால்வையைச் சரிசெய்தாள். முனவ்வரா ராத்தாவிடம் முதலில் என்ன சொல்வது, ஏணை கட்ட வளையம் இருக்கிறதா என்பதை எப்போது கேட்பது, மறுத்துவிட்டால் அடுத்து யாருடைய வீடு என்று வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டாள்.

"நாளைக்கிப் போகலாமேக்கா. ஒரு வாய்த் தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்க" என்றாள் விதுஷா.

மஸீனா அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.